ஓதிய தண்ணீரில் இருந்த தேன்

என் மனைவிக்கு ஜின் பிடித்திருக்கிறது என்று புத்தளம் தில்லையடியில் பாதிப் பேர் நம்பினார்கள். மற்றப் பாதிப் பேர் அவளுக்கு ஈமான் போதாது, இறைநம்பிக்கை குறைவு என்றார்கள். இரண்டு கூட்டத்தோடும் எனக்கு இன்றுவரை ஒத்துவராது. சலாம் சொன்னால் பதில் சொல்வேன், அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். ரமழான் மாதத்தில் பின்னேரம் அஸர் தொழுகை நேரம் நெருங்கும்போது அவள் வேறு ஆளாக மாறிவிடுவாள். நோன்புக் கஞ்சிக்கு அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு, அரிசியைப் போடாமலே கிண்டிக்கொண்டு நிற்பாள். ஏன் என்று கேட்டால் முறைப்பாள். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க எடுத்து வைத்த கஞ்சியைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் ஊற்றினாள். முகமெல்லாம் வியர்த்திருக்கும். கை நடுங்கும். என்னை முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்ப்பாள். பிறகு இருந்த இடத்திலேயே சரிந்துவிடுவாள்.

அவளுடைய காக்கா, அதாவது மூத்த சகோதரர், இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். வீட்டின் முன்பக்கத்தில் ஆணி, பெயின்ற், தண்ணீர்க் குழாய் விற்கிற கடை வைத்திருக்கிறார். பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருக்கிறார். தங்கச்சி விழுந்தாள் என்று கேட்டால் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடி வருவார். கையில் ஒரு போத்தல் இருக்கும். அதில் அவரே குர்ஆன் ஓதி ஊதிய தண்ணீர். நபிவழி என்று அதில் தாராளமாகத் தேன் கலந்திருப்பார். நோன்பு முறிந்தாலும் பரவாயில்லை, பிறகு வேறொரு நாள் பிடித்துக் களாச் செய்து கொள்ளலாம் என்று சொல்லி அவள் வாயைத் திறந்து ஊற்றுவார்.

கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து உட்கார்வாள். நடுக்கம் நின்றுவிடும். என்னைத் தெரியும், அடுப்பைத் தெரியும், "கஞ்சி எங்க" என்று கேட்பாள்.

இதை ஒரு தெருவே நின்று பார்த்தது. ஓதிய தண்ணீர் உள்ளே போகிறது, பெண் எழும்புகிறாள். இதற்கு மேல் ஜின்னுக்கு என்ன சாட்சி வேண்டும்? நானும்தான் பார்த்தேன். எனக்கு ஜின் கதையில் நம்பிக்கை குறைவு. ஆனால் கண் முன்னால் நடக்கிறதை இல்லை என்று சொல்ல என்னிடம் வேறு காரணம் இருக்கவில்லை.

இரண்டு ரமழான் இப்படிப் போனது. மற்ற மாதங்களில் அவளுக்கு இவ்வளவு வருவதில்லை. விடிய எழும்பத் தாமதமானால் மட்டும் கொஞ்சம் குழம்புவாள். பிஸ்கட் இரண்டு தின்றால் சரியாகிவிடும். அதனால் எப்போதும் எதையாவது தின்றுகொண்டே இருப்பாள். உடம்பு ஊதியது. கல்யாண வீடுகளில் அவள் சாப்பிடுகிற சஹன் தட்டைப் பார்த்துப் பெண்கள் கண் காட்டிக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். தீனிக்காரி, நோன்பு தாங்க மாட்டாள், அதுதான் நடிக்கிறாள் என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. அந்தப் பெண்ணுடைய வீட்டு வாசலில் போய் நின்று பேச வேண்டியதைப் பேசிவிட்டுத்தான் வந்தேன்.

நோயாளிக்கு நோன்பு கடமை இல்லை, விட்டுவிடு என்று மௌலவியே அவளிடம் சொன்னார். அவள் கேட்கவில்லை. என்ன நோய் என்று பேர் சொல்லுங்கள், விடுகிறேன் என்றாள். ஒருத்தராலும் பேர் சொல்ல முடியவில்லை. அவள் விடவுமில்லை. விழுவேன் என்று தெரிந்துகொண்டே ஒவ்வொரு நாளும் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பி நோன்புக்கு நிய்யத் வைத்தாள். அதை முட்டாள்தனம் என்று நான் அப்போது திட்டினேன். இப்போதும் அது முட்டாள்தனம்தான் என்பேன். ஆனால் அந்த நெஞ்சுரம் எனக்கு இல்லை.

அந்தப் பேருக்கு முதல் தடயம் கிடைத்தது பாலாவியில். நான் அங்கே ஒரு தனியார் உப்பளத்தில் வேலை செய்கிறேன். கடலோரக் களப்புத் தண்ணீரைப் பம்பால் இழுத்துப் பாத்திகளுக்குப் பிரித்து விடுவது என் பொறுப்பு. ஒரு நாள் காலையில் சாப்பிடாமல் என்னோடு பஸ்ஸில் வந்தவள், பாலாவிச் சந்தியில் இறங்கி நாலு அடி வைக்கும் முன் லொறி ஒன்றுக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். ஹோர்ன் அடிக்கிறான், இவள் அசையவில்லை. இழுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கே போகிற எல்லாருக்கும் விரலில் குத்திச் சீனி பார்ப்பது அந்த டொக்டருடைய பழக்கம். எங்கள் பகுதியில் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய், அவ்வளவு கூட. அவர் மெஷினைப் பார்த்தார், தட்டினார், திரும்பவும் குத்திப் பார்த்தார். சீனி கூடவில்லை, பயப்படுகிற அளவுக்குக் குறைந்திருந்தது.

வீட்டில் யாராவது சீனிக் குளிசை குடிக்கிறார்களா, மாறிக் குடித்திருப்பாளா என்று கேட்டார். யாரும் இல்லை. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார். அவள் எழுந்து உட்கார்ந்து, "நான் ஏன் இங்க" என்றாள். காக்காவுடைய போத்தலுக்குப் பிறகு "கஞ்சி எங்க" என்று கேட்கிற அதே குரல்.

எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. தேன்.

டொக்டர் கடிதம் தந்தார். கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளை வாட்டில் போட்டார்கள். அங்கே வைத்த முதல் சோதனையைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பட்டினி போட வேண்டுமாம். சாப்பாடு கொடுக்காமல் கட்டிலில் வைத்திருந்து, சீனி எப்போது விழுகிறது, விழும்போது இரத்தத்தில் இன்சுலின் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்களாம். தண்ணீர் மட்டும் குடிக்கலாம். நோன்பு தாங்காதவள் என்று ஊர் சொன்னவளைக் கூட்டிக்கொண்டு வந்து நோன்பு பிடி என்கிறார்கள்.

அவளுக்குப் புரிந்ததும் முதலில் கேட்ட கேள்வி, "தண்ணி குடிக்காம இருந்தா நான் இதக் களா நோன்பாக் கணக்கெடுத்துக் கொள்ளலாமா?"

அந்த வாட்டில் எங்களோடு தமிழில் பேசிய டொக்டர் ஒரு இளம் பெண். உடப்பு ஊர் ஆள், எங்கள் கடற்கரைதான். அவர் சிரித்துவிட்டார். "இல்ல அக்கா, தண்ணி கட்டாயம் குடிக்கோணும். இந்த விரதம் எங்கட கணக்கு. உங்கட கணக்கில சேராது" என்றார்.

"அப்ப இதுலயும் நன்மை இல்ல" என்றாள் என் மனைவி.

மறுநாள் பகல் அவள் குழம்பத் தொடங்கினாள். நர்ஸ் மிஸ்ஸி இரத்தம் எடுக்கும் வரை குளுக்கோஸ் கொடுக்கக் கூடாது. அந்த நேரத்தில் அவளுடைய கண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதுதான் என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலை. கத்தப் போனேன். உடப்பு டொக்டர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். இரத்தம் எடுத்தாயிற்று, உடனே குளுக்கோஸ் சேலைன் ஏறியது, அவள் திரும்பி வந்தாள்.

சீனி தரையில் கிடக்கும்போதும் அவளுடைய உடம்பு இன்சுலின் செய்துகொண்டே இருந்தது. சீனி குறைந்தால் அது நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஸ்கேன் பார்த்தார்கள். இரைப்பைக்குப் பின்னால் கிடக்கிற சதையியில், அதாவது கணையத்தில், ஒரு சின்னக் கட்டி. ஓமோன் செய்கிற கலங்களில் இருந்து வரும் கட்டிகளில் அது ஒரு வகை என்றார்கள். கட்டி இருக்கிறதே என்று நான் அழ, அவள் நிம்மதியாகச் சாய்ந்து படுத்தாள். "இப்ப பேர் இருக்கு" என்றாள்.

பிறகு உடப்பு டொக்டர் வந்து குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். யாருக்காவது சிறுநீரகத்தில் கல் இருக்கிறதா? எனக்கு எரிச்சல் வந்தது. புத்தளத்து ஆளிடம் கேட்கிற கேள்வியா இது? எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் கேத்தலில் வெள்ளை வெள்ளையாக ஓடு கட்டும். அதைக் குடித்தால் கல் வராமல் என்ன வரும்? அவளுடைய காக்காவுக்குக் கல் வந்து, உடைத்து, திரும்பவும் வந்து, திரும்பவும் உடைத்தாயிற்று. தண்ணீர்தான் காரணம் என்று அவர் பில்டர் தண்ணீர்க் கேன் வாங்கிக் குடிக்கிறார் என்றேன்.

"கேன் தண்ணி குடிச்ச பிறகும் கல் வந்ததா?" என்று கேட்டார்.

வந்ததுதான். நான் அதை யோசித்ததே இல்லை.

தாய்க்கு என்ன நடந்தது என்று கேட்டார். அவளுடைய உம்மா அகதி முகாமில் மௌத்தானவர். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் மன்னாரில் இருந்து துரத்தப்பட்டு, உடுத்த துணியோடு இங்கே வந்த குடும்பம். ஓலைக் கொட்டிலில் இருந்தார்கள். உம்மாவுக்கு வயிற்றில் புண், மருந்து எடுத்தால் ஆறும், திரும்பவும் வரும். கடைசியில் இரத்தமாக வாந்தி எடுத்துப் போய்ச் சேர்ந்தார். முகாம் சாப்பாடும் மனக் கவலையும் என்று எல்லாரும் சொன்னார்கள். சொன்னவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்த முகாமில் இருந்தால் யாருக்கும் வயிறு புண்ணாகும்.

டொக்டர் என் மனைவியின் இரத்தத்தில் கல்சியம் பார்க்க எழுதினார். கூடியிருந்தது. கழுத்தில் தைரொயிட்டுக்குப் பின்னால் ஒட்டிக் கிடக்கிற சின்னச் சுரப்பிகள் அளவுக்கு மேல் வேலை செய்கின்றன, அதனால் கல்சியம் ஏறுகிறது, காக்காவுடைய கல்லும் அப்படி வந்ததாக இருக்கலாம் என்றார். உம்மாவின் வயிற்றுப் புண்ணுக்கும் இதே மாதிரி ஒரு கட்டி, வேறு ஓமோன் செய்கிற கட்டி, காரணமாக இருந்திருக்கலாம். இப்போது நிரூபிக்க வழியில்லை. மூன்றும் ஒரே இடத்தில் இருந்து வரக்கூடும். ஒரே ஒரு மரபணு.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உம்மாவுக்கு முகாம். காக்காவுக்குக் கிணறு. என் மனைவிக்கு ஜின். எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தயாராகக் கிடக்கிறது. அதில் பாதி உண்மையாகவும் இருக்கிறது. அதனால்தான் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை.

அந்த மரபணு என்ன செய்கிறது என்று கேட்டேன். டொக்டர், மரபணு என்பது லைட் மாதிரி, சுவிட்ச் போட்டால் எரியும் என்று தொடங்கினார்.

"டொக்டர், எனக்குச் சின்னப் பிள்ளைக்குச் சொல்லுற மாதிரிச் சொல்ல வேணாம். உள்ளதச் சொல்லுங்க. வெளங்காட்டி நான் கேக்கிறன்."

அவர் கோபப்படவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உள்ளதைச் சொன்னார். பெரிய டொக்டர்மார் கட்டிலைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். இவர் உட்கார்ந்தார். அதை நான் மறக்க மாட்டேன்.

ஒவ்வொரு கலத்திலும் ஒரே டி.என்.ஏ. தான் இருக்கிறதாம். கண்ணில் உள்ள கலத்திலும் இன்சுலின் செய்வதற்கான மரபணு இருக்கிறது. ஆனால் கண் இன்சுலின் செய்வதில்லை. ஏனென்றால் டி.என்.ஏ. நீட்டிக் கிடப்பதில்லை. புரத உருண்டைகளில் நூல் மாதிரிச் சுற்றிக் கிடக்கிறது. இறுக்கிச் சுற்றிய இடத்தில் உள்ள மரபணு சும்மா கிடக்கும். தளர்ந்த இடத்தில் உள்ளது வேலை செய்யும். எங்கே இறுக வேண்டும், எங்கே தளர வேண்டும் என்பதற்கு அந்த உருண்டைகளில் சின்னச் சின்ன இரசாயன அடையாளங்கள் ஒட்டப்படுகின்றன, கழற்றப்படுகின்றன. ஒட்டுவதற்கும் கழற்றுவதற்கும் வேறு புரதங்கள் கூட்டமாக வருகின்றன. அந்தக் கூட்டத்தில் ஒன்றுக்குப் பேர் மெனின். இந்தக் குடும்பத்தில் பழுதாக இருக்கலாம் என்று அவர் சந்தேகித்தது, மெனின் செய்கிற மரபணு.

இதைக் கேட்டபோது எனக்கு என்னுடைய உப்பளம் ஞாபகம் வந்தது. உவமை வேண்டாம் என்று சொன்ன நானே வாயைத் திறந்தேன். எல்லாப் பாத்திக்கும் ஒரே களப்புத் தண்ணீர்தான், எந்த மடையைத் திறப்பது எதை அடைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அப்படியென்றால் மெனின் மடை பார்க்கிற ஆள், அவன் செத்ததால் இன்சுலின் மடை அடைபடாமல் கிடக்கிறது, சரியா என்று கேட்டேன்.

"கிட்டத்தட்ட. ஆனா ஒண்டு பிழை" என்றார். மெனின் இன்சுலினுக்குப் பொறுப்பான ஆள் இல்லையாம். கலம் பெருகாமல் பிடித்து வைக்கிற மரபணுக்கள் சில இருக்கின்றன. அவை எப்போதும் திறந்து இருக்கும்படி அடையாளம் ஒட்டுவதுதான் மெனினுடைய முக்கியமான வேலைகளில் ஒன்று. மெனின் இல்லாமல் போனால் அந்த மரபணுக்கள் அடைபட்டுப் போகும். அவற்றில் ஒரு பழுதும் இருக்காது, நல்ல நிலையில்தான் கிடக்கும், ஆனால் ஊமையாகிவிடும். தடுக்க ஆள் இல்லாமல் கலம் பெருகும். பெருகுகிற கலம் இன்சுலின் செய்கிற கலமாக இருந்தால், பெருகுகிற ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இன்சுலின் மரபணுவிலும் பிழை இல்லை. அது செய்வது நல்ல இன்சுலின்தான். நிறுத்து என்ற சொல் மட்டும் அதற்குக் கேட்கவில்லை.

உம்மாவுக்கு ஏன் வேறு ஓமோன் என்று கேட்டேன். பழுது ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு கலமும் தனக்குத் திறந்திருந்ததைத்தான் செய்யும் என்றார். சில கட்டிகளில் இன்னொரு விசித்திரமும் உண்டாம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது மட்டும் திறந்து, பிறந்த பிறகு மூடிவிட்ட மரபணு ஒன்று கட்டிக்குள் திரும்பவும் திறந்துகொள்ளுமாம். சீனி குறைந்தும் இந்தக் கலங்கள் ஏன் நிறுத்துவதில்லை என்பதற்கு முழுக் காரணம் இன்னும் யாருக்கும் தெரியாது என்றார். தெரியாது என்று ஒரு டொக்டர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தரம். அதற்குப் பிறகு அவர் சொன்ன மற்றதையெல்லாம் நம்பினேன்.

நான் படிக்காத ஆள். ஆனால் வேலையைப் பார்த்தால் வேலை தெரியும். என் உப்பளத்தில் ஒரு மடையைக் கவனிக்காமல் விட்டால் ஒரு போகம் போகும். இங்கே ஒரு கலத்துக்குள் எண்ண முடியாத மடைகள், ஒவ்வொன்றிலும் ஒட்டவும் கழற்றவும் ஆட்கள், ஒருவருக்கும் தூக்கம் இல்லை. எனக்கும் உங்களுக்கும் அது நாற்பது ஐம்பது வருடம் பிசகாமல் ஓடுகிறது. அல்ஹம்துலில்லாஹ் என்று எத்தனையோ தரம் வாயால் சொல்லியிருக்கிறேன். எதற்குச் சொல்கிறேன் என்று தெரிந்து சொன்னது அந்த வாட்டில்தான்.

சதையியின் வால் பக்கத்தை வெட்டிக் கட்டியை எடுத்தார்கள். பிறகு கழுத்திலும் ஒரு ஒப்பரேஷன். மரபணுச் சோதனைக்கு இரத்தம் இந்தியாவுக்குப் போனது. முடிவு வந்தது. டொக்டர் சந்தேகித்ததுதான். பிறக்கும்போதே ஒரு பிரதி பழுது, ஒரு பிரதி நல்லது. நல்ல பிரதி இருக்கும்வரை கலம் சமாளிக்கும். எங்கோ ஒரு கலத்தில் அந்த நல்லதும் போனால் அங்கே கட்டி தொடங்கும். முழுதாகச் சுகம் என்று ஒன்று இல்லை, வருடா வருடம் பார்க்க வேண்டும். கூடப்பிறந்தவர்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பழுது உள்ளவர்களுடைய பிள்ளைகளுக்கும் அப்படியே.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. காக்காவுக்கு ஒரே மகள், பாடசாலையில் படிப்பிக்கிறாள். அந்த நேரம் அவளுக்குக் கனமூலையில் சம்பந்தம் பேசி முடிகிற கட்டத்தில் இருந்தது.

நான் நேரே காக்காவுடைய கடைக்குப் போனேன். முன்னால் பெயின்ற் வாங்க ஆள் நின்றது. நான் பார்க்கவில்லை. உங்களுக்குக் கல் வந்தது தண்ணீரால் இல்லை, போய் இரத்தம் கொடுங்கள், கல்சியம் சிறுநீரகத்தைத் தின்றுகொண்டிருக்கும், உள்ளே கட்டி இருந்தாலும் தெரியாது, மகளையும் பார்க்க வேண்டும் என்று கத்தினேன். ஜின், ஜின் என்று இரண்டு வருடம் தேன் ஊற்றி வருத்தத்தை மறைத்து வைத்தவர் நீங்கள்தான் என்றும் சொன்னேன்.

அவர் வந்தவனுக்குப் பெயின்ற் டின்னைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, என்னைப் பார்த்தார். "மச்சான், பரம்பரை வருத்தம் எண்டு கனமூலைக்குப் போய்ச் சேந்தா என் புள்ளய யாரு எடுக்கிறது? எனக்குத் தண்ணியாலதான் கல் வந்தது. இனி இந்தக் கதய இங்க எடுக்காதீங்க."

கடைக்குப் பின்னால் வீடு. கதவுச் சீலைக்கு அந்தப் பக்கம் மகள் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அடுத்த நாள் எங்கள் வீட்டுக்கு வந்து அவளுடைய மாமியிடம், அதாவது என் மனைவியிடம், ஒவ்வொன்றாக விசாரித்தாள். வாப்பாவுக்கு அது இல்லாவிட்டால் எனக்கும் இருக்க வழியில்லை, அப்படித்தானே மாமி என்று கேட்டாள். அப்படித்தான். "அப்ப வாப்பா முதல்ல போகட்டும். அவருக்குத் தெரியாம நான் போய்ப் பாத்து இருக்குதெண்டு வந்தா, அவருக்கும் இருக்குதெண்டு நான் ஊருக்குச் சொன்ன மாதிரி. அத நான் செய்ய மாட்டன். ஆனா இதச் சொல்லாம நான் நிக்காஹ்வுக்கு உக்காரவும் மாட்டன்" என்றாள். இவ்வளவையும் மாமியின் வெங்காயத்தை உரித்துக்கொண்டே சொன்னாள்.

எல்லாம் காக்காவுடைய ஒரு ஊசி இரத்தத்தில் வந்து நின்றது. அவருடைய உடம்பு, மகளுடைய உடம்பு, அவளுடைய கல்யாணம். நான் திரும்பவும் போய்ச் சண்டை பிடிக்கிறேன் என்று எழும்பினேன். மனைவி உட்காரச் சொன்னாள். நீங்கள் கத்தினால் அவர் இன்னும் இறுகுவார், ரமழான் வரட்டும் என்றாள். ரமழானுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

ரமழான் வந்தது. நோன்பு பிடிக்கலாமா என்று அவள் முன்கூட்டியே உடப்பு டொக்டரிடம் போய்க் கேட்டு வைத்திருந்தாள். இரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, பிடித்துப் பாருங்கள், ஆனால் விரலில் குத்திச் சீனி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், குறைந்தால் அந்த இடத்திலேயே முறிக்க வேண்டும் என்று அவர் சொல்லி, அளவையும் எழுதிக் கொடுத்திருந்தார். முதல் நோன்பு அன்று எனக்கு உப்பளத்துக்குப் போக மனம் வரவில்லை. வீட்டில் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அஸர் நெருங்கியது. தொழுகைப் பாங்குக்கு முன்னமே காக்கா வந்துவிட்டார். கடைச் சண்டைக்குப் பிறகு எங்கள் வாசல் மிதிக்காத மனிதர். கையில் அதே போத்தல். என்னோடு பேசவில்லை. குசினிக்குள் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு தங்கச்சியின் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்தார். பழைய பழக்கம். இந்த நேரத்தில்தான் அவள் விழுவாள்.

அவள் கஞ்சிக்கு அரிசி போட்டாள். இஞ்சி தட்டினாள். தேங்காய்ப் பால் பிழிந்தாள். நடுவில் கையைத் துடைத்துவிட்டு மெஷினை எடுத்து விரலில் குத்தினாள். இரத்தம் வந்தால் நோன்பு முறியாதா என்று காக்கா கேட்டார். மௌலவியிடம் கேட்டுவிட்டேன், முறியாது என்றாள். மெஷினை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். சீனி நன்றாக இருந்தது. அவர் அந்த எண்ணைப் பார்த்தார், அவளுடைய முகத்தைப் பார்த்தார். வியர்வை இல்லை. கை நடுங்கவில்லை.

அஸர் போனது. வெயில் சாய்ந்தது. அவள் உப்புப் பார்க்காமலே உப்புப் போட்டு, பக்கத்து வீட்டுக் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தனுப்பினாள். காக்கா எழும்பவேயில்லை.

நான் வாயைத் திறந்தேன். இப்போது பார்த்தீர்களா, ஜின் எங்கே என்று கேட்கத்தான் திறந்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து காக்காவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"காக்கா, ஒங்கட இந்தப் போத்தல் இல்லாட்டி நான் எப்பவோ மௌத்தாப் போயிருப்பன். சீனி அந்தளவுக்கு எறங்கினா மூளை போகுமாம், உசிரு போகுமாம். டொக்டர் சொன்னாங்க. நீங்க கடயப் போட்டுட்டு ஓடி வந்து தேன் தந்தீங்க. எனக்கு வேணும் எண்டது அதுதான். ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒங்கட கையாலதான் அல்லாஹ் தந்தான்."

காக்கா போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எனக்கிட்ட ஒங்களுக்குத் தர ஒண்டு இருக்கு. என்ன வருத்தமெண்டு பேர் தெரியும். எங்கட உம்மாக்கு ஒருத்தரும் பேர் சொல்லல்ல. நீங்க ஓடி வந்தீங்க, நான் வாயத் தொறந்தன். நான் இப்ப ஓடி வந்திருக்கன்."

மஃரிப் பாங்கு கேட்டது. பேரீச்சம்பழம் எடுத்தோம், கஞ்சி குடித்தோம். மஃரிப் தொழுதுவிட்டு வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, காக்கா என்னிடம்தான் கேட்டார், கடைச் சண்டைக்குப் பிறகு முதல் பேச்சு. "ரெத்தம் எங்க குடுக்கணும் மச்சான்? நோன்போட குடுக்கலாமா?"

நான் குத்திப் பேசியும் கத்தியும் கொண்டுவர முடியாததை அவள் ஒரு நாள் நோன்பு பிடித்துக் கொண்டுவந்தாள். நான் பேசியிருந்தால் நான் வென்றிருப்பேன், காக்கா இரத்தம் கொடுத்திருக்க மாட்டார். எனக்கு இன்னும் இதைச் செய்யத் தெரியாது. அவளைப் பார்த்து வாய் பிளக்கத்தான் தெரியும்.

காக்காவுக்கும் அதே மரபணுப் பழுது இருந்தது. கழுத்தில் ஒப்பரேஷன் செய்தார்கள். முடிவு வந்த கிழமையே, யாரும் சொல்லாமல், தானே கனமூலைக்குப் போனார். ஜும்ஆவுக்குப் பிறகு மாப்பிள்ளையின் வாப்பாவை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னாராம். எனக்கு இது இருக்கிறது, மகளுக்குப் பாதிக்குப் பாதி, இனித்தான் பார்க்க வேண்டும், முடிவு எதுவென்றாலும் உங்களுக்குச் சொல்வேன். நீங்கள் விலகினால் மனத்தாங்கல் இல்லை என்றாராம். ஊரில் தலை நிமிர்ந்து நடக்கிற மனிதர், மகள் விசயத்தில் போய் இன்னொருவர் முன்னால் நின்று இதைச் சொல்வது லேசில்லை. அன்றிலிருந்து அவர் மேல் எனக்கு இருந்த கோபம் பாதி போனது. மீதி இருக்கிறது.

கனமூலைக்காரர் யோசிக்க நாள் கேட்டார்கள். நான் எரிந்து விழுந்தேன். மகளுடைய முடிவு வந்தது. அவளுக்கும் இருந்தது. அவளே மாப்பிள்ளைக்குக் கோல் எடுத்துச் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு நாள் மாப்பிள்ளையின் தாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவியைக் கொஞ்ச நேரம் மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதானா அது" என்றார். சாப்பாட்டில் என்ன பத்தியம், பிள்ளை பெறலாமா, நோன்பு பிடிக்கலாமா என்று ஒரு மணித்தியாலம் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவள் உள்ளதைச் சொன்னாள், பிறக்கிற பிள்ளைக்கும் வரலாம் என்பதையும் சேர்த்து. போகும்போது அந்தத் தாய், "மறைச்சிருந்தா நாங்க இந்தப் பக்கம் திரும்பியும் பாத்திருக்க மாட்டம்" என்று சொல்லிவிட்டு, நிக்காஹ் எப்போது வைக்கலாம் என்று கேட்டார்.

இப்போது வருடத்தில் ஒரு நாள் மூன்று பேரும் ஒன்றாகக் கொழும்புக்குப் போகிறார்கள். காக்கா, அவருடைய மகள், என் மனைவி. இரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு போக வேண்டும். பஸ்ஸில் காக்கா மடியில் ஒரு பை வைத்துக்கொண்டு நடுவில் உட்காருவார். அதற்குள் அந்தப் போத்தல். இன்னும் ஓதித்தான் கொண்டுபோகிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை. தேன் சீனிதான், வேலை செய்யும். ஓதுவது அவருடைய விசயம்.